ஈ கீறுற உத்தியோகம்

நான் உத்தியோகம் பார்த்த விவசாயக் கந்தோருக்கு ஒரு கமரா வந்திருக்கிறது. நுணுக்குக்காட்டியின் தலையில் அதைப் பொருத்திப் பொத்தானை அமத்தினால் ஈயின் முகத்தில் உள்ள மயிர்கூடப் படத்தில் விழுந்துவிடுமாம். ஆகவே படவரைஞர் என்ற பதவிக்கு இனி ஆள் எடுப்பதில்லை என்று முடிவாகிவிட்டது. அந்தக் கதிரையில் கடைசியாக இருந்து எழும்பியவள் நான். செய்தி சொல்ல வீட்டுக்கு வந்த இளம் உத்தியோகத்தர்கள், செத்த வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரிக் கதிரை நுனியில் இருந்தார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஈயின் பின்னங்கால் மயிரை வரிசை தவறாமல் கீறிக் கீறி என் கழுத்து ஒரு பக்கம் கோணிப்போய்விட்டது. இனி அந்தக் கமராவுக்குக் கழுத்து நோகட்டும். தேத்தண்ணி குடித்து முடித்த பிறகு, நலன்புரிச் சங்க மலருக்கு உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எதைப் பற்றி என்றேன். உங்களுக்குப் பிடித்த எதைப் பற்றியும் எழுதலாம் என்றார்கள். எனக்குப் பிடித்தது ஒரேயொரு ஈ.

எங்கள் பக்கத்தில் படம் வரைவதைக் கீறுவது என்றுதான் சொல்வோம். எனக்குக் கலியாணம் பேசிய காலத்தில் தரகர் 'பெண் அரசாங்க உத்தியோகம்' என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வார். மாப்பிள்ளை வீட்டார் விடாமல் துருவினால்தான் 'ஈ கீறுறா' என்று மெதுவாக வெளியே வரும். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து பதில் வராது. அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்த ஒருவரைத்தான் கடைசியில் கட்டினேன்.

சித்திர ஆசிரியை ஆவதற்கென்று படித்தவள் நான். ஆனால் அறுபதுகளின் தொடக்கத்தில் நேர்முகப் பரீட்சைக்கு முதலில் கூப்பிட்டது விவசாயப் பகுதி. மலைநாட்டில் சில மாதம் பயிற்சி தந்தார்கள். புள்ளி வைத்து நிழல் காட்டவும், குளிரில் கை நடுங்காமல் இருக்கவும் பழகினேன். பிறகு யாழ்ப்பாணத்துப் பூச்சியியல் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே எனக்கு மேலதிகாரி பஞ்சாட்சரம் சேர். மெலிந்து உயர்ந்த மனிதர். வெயிலோ மழையோ, முழுக்கை வெள்ளைச் சட்டையைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். முதல் நாள் என்னிடம் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயைத் தந்து, உள்ளே இருப்பதைக் கீறச் சொன்னார். மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டி போட்ட பூச்சி அது. தேனீ என்று பார்த்தவுடன் விளங்கிவிட்டது. மத்தியானம் வரை இருந்து அழகான தேனீ ஒன்றைக் கீறிக் கொடுத்தேன். சேர் படத்தை ஒரு கையிலும் குழாயை மற்றக் கையிலும் பிடித்து மாறி மாறிப் பார்த்தார்.

"மிஸ் கனகம், இவவுக்கு ரெண்டு செட்டைதான் இருக்கு. மிச்ச ரெண்டையும் ஆரிட்டைக் கடன் வாங்கினனீங்கள்?"

அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். தேனீக்கு நான்கு செட்டை. குழாயில் இருந்ததற்கு இரண்டே இரண்டு. அது தேனீ இல்லை, ஈ. கொட்டவும் தெரியாது, கடிக்கவும் தெரியாது. குருவியும் ஓணானும் கிட்ட வராமலிருக்கத் தேனீயின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிற ஈ.

சேர் பூச்சிகளை 'அது' என்று சொல்லமாட்டார் என்பதையும் அன்றுதான் கவனித்தேன். பெண் பூச்சி என்றால் 'அவ', ஆண் என்றால் 'அவர்'. 'அவ முட்டை போட வந்திருக்கிறா, யன்னலைச் சாத்தாதேங்கோ' என்பார். பயிரைத் தின்பவைக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது, அவை 'உவங்கள்'. கந்தோருக்குப் புதிதாக வருகிறவர்கள் சேர் யாரோ உறவினரைப் பற்றிக் கதைக்கிறார் என்று நினைப்பார்கள். ஒருமுறை ஓர் எழுதுவினைஞர், சேரின் வீட்டில் யாருக்கோ பிரசவம் என்று நம்பி, வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். சேரும் நன்றி சொன்னார்.

வேலையில் மட்டும் விளையாட்டு இல்லை. செத்த ஈ விறைத்துப் போகுமுன் செட்டையை விரிக்க வேண்டும். தலைமயிர் மொத்தத்தில் ஓர் ஊசி இருக்கும்; அதைத் தக்கை போன்ற நெட்டித் துண்டில் குத்தி, ஈயின் நெஞ்சில் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கமாக ஏற்ற வேண்டும். நடுவில் ஏற்றினால் முதுகில் உள்ள கோடு அழிந்துவிடும். கீழே பிடித்த இடமும் செடியின் பெயரும் எழுதிய துண்டு. பெட்டிக்குள் பூச்சி உருண்டை. எறும்பு ஏறாமலிருக்க மேசையின் நான்கு கால்களும் ரின்பால் வந்த தகரப் பேணிக்குள் நிற்கும். பேணியில் தண்ணீரும் மேலே கொஞ்சம் மண்ணெண்ணெயும். இவ்வளவும் சரியாக இருக்கிறதா என்று சேர் காலையில் ஒருமுறை பார்ப்பார். பார்த்த பிறகுதான் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார்.

அந்த மஞ்சள் ஈக்கு ஒரு இலத்தீன் பெயர் உண்டு. அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஈ பறந்துவிடும். நாங்கள் தரவை ஈ என்போம். தரவை என்றால் மாடு மேயும் புல்வெளி. புத்தூரைத் தாண்டிப் பருத்தித்துறைப் பக்கம் போகும்போது வருகிற வல்லை வெளிதான் எங்களுக்குக் கிட்டிய தரவை. மாரி முடிந்ததும் அங்கே அறுகும் கோரையும் முழங்கால் வரை நிற்கும். இடையிடையே நெருஞ்சியின் மஞ்சளும் விஷ்ணுகிராந்தியின் நீலமும் தெரியும். காலையில் காற்று எழும்புமுன் போனால், புல்லுக்கு ஒரு சாண் மேலே, நூலில் கட்டித் தொங்கவிட்டது போல இந்த ஈ அந்தரத்தில் அசையாமல் நிற்கும். கையை நீட்டினால் இல்லை. எடுத்தால் அதே இடத்தில் நிற்கும். ஆண் ஈக்கு இரண்டு கண்ணும் உச்சியில் வந்து முட்டும். பெண்ணுக்கு நடுவில் ஒரு வகிடு இருக்கும். தேனும் மகரந்தமும்தான் சாப்பாடு.

அதன் பிள்ளைகள் அப்படி இல்லை. பெண் ஈ புல்லில் அழுக்கணவன் அடைந்திருக்கிற இடமாகப் பார்த்து, அரிசிக் குறுநொய் போல ஒவ்வொரு முட்டையாக வைத்துவிட்டுப் போகும். அழுக்கணவன் என்பது செடியின் சாற்றை உறிஞ்சிக் குருத்தைச் சுருட்டிவிடுகிற சின்னப் பூச்சி. எங்கள் தோட்டக்காரர்களின் நிரந்தரத் தலையிடி. முட்டையிலிருந்து வருவது கண்ணும் இல்லாத, காலும் இல்லாத பச்சைப் புழு. அது அழுக்கணவனை மட்டும் தின்னும். ஒரு கிழமைக்கு மேல் தின்று கொழுத்து, இலையில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர்த்துளி வடிவில் கூடாகிவிடும். கூட்டை உடைத்துக்கொண்டு ஈ வரும். தரவை காய்ந்தால், பச்சையாக இருக்கிற தோட்டங்களைத் தேடிப் பறக்கும். இந்தப் புழுவை வளர்த்துப் பார்க்க, சட்டியில் பயற்றங்கன்று ஒன்றை நட்டு, அதன்மேல் லாம்பின் கண்ணாடிச் சிமிலியைக் கவிழ்த்து, மேல்வாயை மெல்லிய துணியால் கட்டி வைப்போம். என் மேசையைச் சுற்றி எப்போதும் இந்தச் சிமிலிகள்தான்.

இப்போது இராசம்மா அக்காவின் கதைக்கு வருகிறேன். அது ஒரு மாசி மாதம். புத்தூரில் தோட்டம் செய்கிற அவர், பனையோலையில் இழைத்த ஓர் உமல் நிறையப் பயற்றங்கொடியோடு வந்து, அதைச் சேரின் மேசையில் கொட்டினார். கொடி முழுக்கக் கறுப்பு அழுக்கணவன். இடையிடையே பச்சைப் புழு நெளிந்தது. அந்த மாரியில் அவருக்கு வெங்காயம் முழுதும் அழுகிப்போயிருந்தது. மிஞ்சியது இந்தக் கொடிகள்தான். கறுப்பன் போதாதென்று பச்சையும் வந்துவிட்டது, இரண்டுக்கும் சேர்த்து ஒரு மருந்து தாருங்கள் என்று கேட்டார்.

சேரின் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா, உவங்கள்தான் கள்ளர். பச்சையாய் இருக்கிறவர் உங்கடை ஆள்."

"புழு புழுதான் ஐயா."

சேர் ஒரு துண்டு இலையை வில்லைக்குக் கீழே வைத்து அவரைப் பார்க்கச் சொன்னார். புழு தலையை உயர்த்தி, இருட்டில் செருப்புத் தேடுகிறவர் போல அங்குமிங்கும் துழாவியது. தட்டுப்பட்ட அழுக்கணவனைக் கவ்வி, கால் ஆறும் அந்தரத்தில் உதைக்க அப்படியே தூக்கிப் பிடித்து உறிஞ்சியது. வெறும் தோலைப் போட்டுவிட்டு மறுபடி துழாவியது. இராசம்மா அக்கா நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"நல்ல தீன்காரன்தான். ஆனால் ஐயா, தோட்டம் முழுக்க இருக்கிற கறுப்பனைத் திண்டு முடிக்க உவருக்கு வயிறு காணுமோ?"

"அவர் தனிய இல்லை அம்மா. அவரின்ரை சகோதரங்கள் இருக்கினம், பிறகு பிள்ளையள் வருவினம். மருந்தடிச்சால் அவையும் சேர்ந்து போயிடுவினம். அடிக்காதேங்கோ."

"அழிஞ்சால்?"

சேர் நிமிர்ந்து நின்றார். "அழிஞ்சால் நான் வந்து உங்கடை தோட்டத்திலை தண்ணி மாறுறன்."

தண்ணி மாறுவது என்றால் இறைப்பு நடக்கும்போது மண்வெட்டியோடு நின்று, ஒரு பாத்தி நிறைந்ததும் வாய்க்காலை அடுத்த பாத்திக்குத் திருப்புவது. சேர் வாழ்க்கையில் மண்வெட்டி பிடித்திருக்க மாட்டார் என்பது அந்தச் சட்டையைப் பார்த்தாலே தெரியும். இராசம்மா அக்கா அவரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி" என்று உமலை மடித்துக்கொண்டு எழும்பினார்.

அவருடைய கணவர் வல்லிபுரம் அண்ணைக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. மருந்து தராத விவசாயக் கந்தோர் எதற்கு என்று சந்தியில் நின்று கேட்டாராம். கேள்வி மேலிடம் வரை போய்விட்டது. தோட்டம் அழிந்தால் பஞ்சாட்சரத்தை வேறு மாகாணத்துக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை என்று மேலிடத்தில் கதைப்பதாகக் கேள்விப்பட்டோம். சேர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நான்தான் பட்டேன். வேறோர் அதிகாரி வந்தால் ஈயை 'அது' என்று சொல்லப் பழக வேண்டும்.

முதல் கிழமை எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கறுப்பன் பாதியாகக் குறைந்தது. புழுக்கள் கூடு கட்டின. அதில் கொஞ்சக் கூடுகளைக் கொண்டுவந்து என் சிமிலிகளுக்குள் வைத்தேன். ஒரு காலையில் கந்தோருக்குள் நுழைந்து முதல் சிமிலியைப் பார்த்தபோது உள்ளே ஈ இல்லை. மெல்லிய கறுப்புக் குளவி ஒன்று நடந்து திரிந்தது. பின்னங்காலில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு என்று வளையம் போட்டிருந்தது. அடுத்த சிமிலியிலும் குளவி. அதற்கடுத்ததிலும் குளவி. கடைசியில் ஒரேயொரு சிமிலியில் மட்டும் பாவம் போல ஒரு ஈ நின்றது.

விஷயம் இதுதான். இந்தச் சின்னக் குளவி, ஈப்புழு குஞ்சாக இருக்கும்போதே அதன் உடம்புக்குள் தன் முட்டையை வைத்துவிடும். புழு ஒன்றும் அறியாமல் அழுக்கணவனைத் தின்று வளர்ந்து கூடு கட்டும். கூட்டுக்குள் குளவிக்குஞ்சு அதைத் தின்று முடித்துவிட்டுத் தான் வெளியே வரும். அதாவது, சேர் சொன்ன 'பிள்ளையள்' வரப்போவதில்லை.

சேர் வந்து பார்த்தார். இரண்டு கையையும் தட்டினார். எவ்வளவு காலமாக இவவைத் தேடினேன் என்றார். கால் நிறம் மங்குமுன் உடனே கீறச் சொன்னார். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டே சிமிலிக்குச் சிமிலி ஓடினார். நான் பென்சிலைக் கீழே வைத்தேன்.

"சேர், இராசம்மா அக்காவின்ரை தோட்டம்?"

பனங்கட்டி அப்படியே வாயில் நின்றது. கதிரையைத் தேடி இருந்தார். மருந்து கொடுத்துவிடுவோமா என்று நானே கேட்டேன். கொடுத்தால் மிஞ்சிய ஈயும் சாகும். மழைக்குப் பிறகு வந்த நல்லதெல்லாம் சாகும். அடுத்த போகத்திலும் அந்த அம்மா மருந்துக்குத்தான் வருவா என்றார் சேர். பிறகு எழும்பி யன்னலடிக்குப் போனார். "மிஸ் கனகம், வல்லை வெளியிலை பாலத்தடிப் பள்ளத்திலை இன்னும் பச்சை இருக்கும்" என்றார்.

இராசம்மா அக்காவின் தோட்டத்தில் விட ஈ பிடிப்பதற்கு, மறுநாள் விடியவே அங்கே நின்றோம். சேர் ஒரு வலை, நான் ஒரு வலை. எனக்குச் சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகத்தான் கை போதவில்லை. பனிப்புகாருக்குள், வெள்ளைச் சட்டை போட்ட நெடிய உருவம் ஒன்று வெள்ளை வலையை வீசி வீசிக் குதிப்பதைக் கண்ட சைக்கிள்காரர் ஒருவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனார். வல்லை வெளியில் முனி உலாவுகிறது என்று நெடுகச் சொல்வார்கள். அன்று ஒரு சாட்சி கூடிவிட்டது. வகிடு உள்ளவர்களை மட்டும் பிடிக்கும்படி சேர் சொல்லியிருந்தார், பெண் ஈதான் முட்டை போடும் என்பதால். ஆனால் காற்று எழும்பிவிட்டது. வகிடு பார்க்க யாருக்கு நேரம்? அகப்பட்டதையெல்லாம் சிமிலிகளுக்குள் போட்டு, இரண்டு வாயையும் துணியால் கட்டி, ஒரு கடகத்துக்குள் அடுக்கிக்கொண்டு, புத்தூருக்குப் போகப் பஸ்ஸை மறித்தோம்.

பஸ்ஸுக்குள் பருத்தித்துறைப் பக்கமிருந்து மீன் கொண்டு வருகிற பெண்கள், பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், கந்தோர்க்காரர் என்று நிறைய ஆட்கள். என் பக்கத்தில் மீன் கடகத்தை மடியோடு அணைத்தபடி ஒரு அம்மா இருந்தார். அச்சுவேலிப் பக்கம் பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. ஒரு சிமிலியின் துணி கழன்றுவிட்டது.

முதல் ஈ ஓர் ஆசிரியரின் மூக்குக்கு முன்னால் அந்தரத்தில் நின்று அவரை உற்றுப் பார்த்தது. அவர் "குளவி" என்றார். அவ்வளவுதான். பஸ்ஸின் பின்பாதி முன்பாதிக்கு வந்தது. கொண்டக்டர் மணியை அடித்த அடியில் றைவர் வீதி ஓரத்தில் நிறுத்திவிட்டார். சேர் இருக்கையில் ஏறி நின்று, கையை உயர்த்தி, இவை கொட்டமாட்டினம், இவைக்குக் கொடுக்கே இல்லை, தயவுசெய்து மரியாதையாக நடவுங்கள் என்று சொன்னார். ஒருவருக்கும் அது ஆறுதலாக இருக்கவில்லை. கொட்டாது என்று எப்படி நம்புவது, பிடித்துக் காட்டச் சொல்லுங்கள் என்றார் கொண்டக்டர். சேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

யன்னல் கண்ணாடியில் மஞ்சளும் கறுப்புமாக ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் பார்க்க அதை எடுத்து உள்ளங்கைக்குள் வைத்துப் பொத்தினேன். பொத்திய அதே கணத்தில் நான்கு செட்டை என் கண்ணில் பட்டது. காற்றில் அவசரமாக வீசியபோது வலைக்குள் ஒரு தேனீயும் வந்திருக்கிறது.

அது கொட்டியது.

கையைத் திறந்தால் அவ்வளவு ஆட்களும் ஈக்களை அடித்துக் கொன்றுவிடுவார்கள். தோட்டமும் போய்விடும், சேரும் போய்விடுவார். நான் கையைப் பொத்தியபடியே சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. பஸ் முழுக்க என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. மீன்கார அம்மாவும் பார்த்தார்.

"பிள்ளை, கண்ணாலை தண்ணி ஓடுது."

"காத்து, அக்கா."

யன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. அவர் என் கையையும் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "கொட்டேல்லைத்தானே. கண்டாச்சுத்தானே. பஸ்ஸை எடுக்கச் சொல்லுங்கோ, என்ரை மீன் பழுதாகப் போகுது."

பஸ் புறப்பட்டது. அவர் மடியிலிருந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்து, சுண்ணாம்பை விரலால் வழித்து, யாருக்கும் தெரியாமல் என் உள்ளங்கையில் தடவிவிட்டார். செத்த தேனீயை எடுத்து மெதுவாகத் தன் மீன் கடகத்துக்குள் போட்டார். "அரசாங்க உத்தியோகம் எண்டால் சும்மாவோ" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

பயம் தெளிந்த பிறகு சனம் மாறிப்போனது. அந்த ஆசிரியர் தன் சட்டைப்பையிலிருந்த லேஞ்சியை விரித்து இரண்டு ஈயைப் பிடித்துத் தந்தார். கொண்டக்டர் பின் கண்ணாடியில் இருந்தவற்றை ரிக்கற் கட்டையால் ஒதுக்கிச் சிமிலிக்குள் விட்டார். புத்தூரில் இறங்கும்போது, புறப்பட்ட அளவு ஈ அநேகமாக எங்களிடம் இருந்தது.

இராசம்மா அக்காவிடம் சேர் எதையும் மறைக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பதிலாகக் குளவி வந்ததையும் சொன்னார், பஸ்ஸில் நடந்ததையும் சொன்னார். ஈக்களை அப்படியே விட்டால் பறந்துவிடும், முட்டை போடும்வரை மறித்து வைக்க ஏதாவது வேண்டும் என்றார். அக்கா உள்ளே போய்த் தங்கள் படுக்கைக்கு மேல் கட்டுகிற நுளம்பு வலையை உருவிக்கொண்டு வந்தார். நடுப்பாத்திகளுக்கு மேல் தடி நட்டு அதை விரித்தோம். தோட்டத்தைச் சுற்றிப் பூத்திருந்த கொத்தமல்லியைப் பிடுங்கி உள்ளே நட்டுவைத்தார் அக்கா, விருந்தாளிக்குச் சாப்பாடு வேண்டுமே என்று. வல்லிபுரம் அண்ணை அடுத்த கிழமை முழுக்க நுளம்புக்கடியோடு திரிந்தார். ஈக்கு வலை, எனக்கு இல்லை என்று அவர் சந்தியில் சொன்னதும் மேலிடம் வரை போனதோ தெரியாது.

சில நாளில் வலைக்குள் இருந்த குருத்துகளில் குறுநொய் போல முட்டைகள் தெரிந்தன. பிறகு புழு. பிறகு வலையை எடுத்துவிட்டோம். வலை விரித்த பாத்திகளும் சுற்றியிருந்தவையும் தப்பிவிட்டன. அங்கே பயற்றங்காய் முழ நீளத்தில் தொங்கியது. கிணற்றிலிருந்து தூரத்தில் இருந்த பாத்திகள் சுருண்டுபோயின. யார் வென்றது என்று தீர்க்க முடியவில்லை. பாதி என் பக்கம், பாதி உங்கள் பக்கம் என்றார் அக்கா. சேர் சொன்ன சொல்லுக்குப் பாதி இறைப்பு என்று தானே தீர்ப்பளித்து, ஒரு விடியற்காலை வந்து நின்றார், அதே வெள்ளைச் சட்டையோடு.

முதல் பாத்தியிலேயே மண்வெட்டியை ஓங்கிக் கொத்தி வரம்பை உடைத்துவிட்டார். தண்ணீர் பக்கத்துத் தோட்டத்து மிளகாய்க்குள் பாய்ந்தது. அதை அடைக்க ஓடியபோது காலில் போட்டிருந்த ஒரு சப்பாத்து சேற்றுக்குள் போய்விட்டது. சப்பாத்தைத் தேடிக் குனிந்தபோது மற்ற வரம்பும் உடைந்தது. வல்லிபுரம் அண்ணை வரம்பில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கடைசியில் தானே எழும்பிவந்து மண்வெட்டியை வாங்கினார். "ஐயா, உங்களைத் தண்ணி மாறவிட்டால் அழுக்கணவன் தேவையில்லை" என்றார். அன்றைக்குப் பிறகு அவர் எங்கள் கந்தோரைப் பற்றிச் சந்தியில் கதைக்கவில்லை. சேரை மாற்றுகிற கதையும் மெல்ல அடங்கிப்போனது.

எழுபதுகளில் நிலைமை வேறாகிவிட்டது. வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வருவது நின்றதும், குடாநாட்டுத் தோட்டமெல்லாம் பொன்னாக விளைந்தது. சந்திக்குச் சந்தி பூச்சிமருந்துக் கடைகள் முளைத்தன. சேர் ஓய்வு பெறுவதற்கு முன் செய்த கடைசி வேலை ஒரு துண்டுப்பிரசுரம். இந்தப் புழு உங்கள் நண்பன், இதைக் கொல்லாதீர்கள் என்று நாலு வரி. மேலே என் படம். புழுவைக் கை அகலத்தில் பெருப்பித்து, முதுகின் வெள்ளைக் கோடு, உடம்பின் சுருக்கம் எல்லாம் புள்ளி புள்ளியாக வைத்துக் கீறியிருந்தேன். அதன் வாயில் ஓர் அழுக்கணவனைக் கீறட்டுமா என்று கேட்டேன். "அடையாள அட்டைப் படத்திலை ஆரும் சோறு தின்னுறேல்லை மிஸ் கனகம்" என்று சேர் மறுத்துவிட்டார். படம் என்றால் ஆள் தனியாக, நேராக, வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நான் கீறியதிலேயே சிறந்த படம் அதுதான். பார்த்தால் கடதாசியிலிருந்து ஊர்ந்து வந்துவிடும் போல இருக்கும்.

சில மாதம் கழித்துச் சுண்ணாகம் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போனேன். ஒரு பூச்சிமருந்துக் கடைக்குள் என் படம் தெரிந்தது. சுவரின் நடுவில், மருந்துப் போத்தல்களுக்கு மேலே, நன்றாகக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டியிருந்தது. கீழே இருந்த நாலு வரியையும் யாரோ கத்தரித்து எடுத்திருந்தார்கள். நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் உள்ளே போய், படத்தைக் காட்டி, இந்தப் புழுவுக்கு மருந்து தாருங்கள் என்று கேட்டார். முதலாளி கையை நீட்டி ஒரு போத்தலை எடுத்தார்.

உள்ளே போனேன். முதலாளி நல்ல மனிதர்தான். இருக்கச் சொல்லி மரவாங்கைத் துடைத்துவிட்டார். அது யாருடைய படம் என்று கேட்டேன். ஏதோ பொல்லாத புழு, அரசாங்கமே படம் போட்டிருக்கிறது, இதைப் பார்த்த பிறகுதான் சனம் பயந்து மருந்து வாங்குகிறது, கீறினவருக்குப் புண்ணியம் என்றார். நான் கைப்பையைத் திறந்தேன். மைப்பேனை எப்போதும் அதற்குள் இருக்கும். வாங்கில் ஏறி நின்று, புழுவின் வாயில் ஓர் அழுக்கணவனைக் கீறத் தொடங்கினேன். கால் ஆறும் அந்தரத்தில் உதைக்கிற மாதிரி, உணர்கொம்பு பின்னால் வளைந்திருக்கிற மாதிரி, கொழுத்த அழுக்கணவன். பக்கத்தில் உறிஞ்சி எறிந்த தோல்களையும் குவியலாகப் போட்டேன். மருந்து வாங்க வந்தவரும் வேறு இரண்டு பேரும் கிட்ட வந்து அண்ணாந்து பார்த்தார்கள். தடுக்க வந்த முதலாளியும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"வாயிலை உது என்ன பிள்ளை?"

"அழுக்கணவன்."

"உவர் அதைத் தின்னுறவரோ?"

"விடியத் தொடங்கினால் பொழுதுபடுமட்டும்."

மருந்து வாங்க வந்தவர் போத்தலை மெதுவாக மேசையில் வைத்தார். முதலாளி போத்தல் வரிசையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார்.

"அப்ப இவ்வளவு நாளும் என்ரை போட்டிக்காரன்ரை படத்தையெல்லோ நான் கடைக்குள்ளை ஒட்டி வைச்சிருக்கிறன்."

அவரே ஏறி, மூலை கிழியாமல் அதை உரித்து, சுருட்டி என் கையில் தந்தார். நான் வீதியைக் கடந்து எதிரில் இருந்த தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சம்மதித்ததோடு, ஒட்டுவதற்கு ஒரு பிடி பழஞ்சோறும் தந்தார். வெளிச்சுவரில், வீதியைப் பார்த்தபடி, நாலு மூலையும் நன்றாகப் பிடிக்கும்படி ஒட்டினேன். கையைக் கழுவிவிட்டுத் திரும்பினால், எதிரே மருந்துக்கடை முதலாளி தன் கதிரையை வீதிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.